ஓடி முடிந்த ஸ்கூட்டர் பாட்டரியை எங்கே கொடுப்பது?

கேள்வி, 3 மே 2025 (குடியாத்தம் வாசகர்)

2021-ல் வாங்கிய மின் ஸ்கூட்டர். நாலு வருஷத்தில் பாட்டரி படுத்துவிட்டது. வாரண்டி மூன்று வருஷம்தான். வாங்கின ஷோரூம் இப்போது செல்போன் கடையாகிவிட்டது. புது பாட்டரி வேறு இடத்தில் போட்டுக்கொண்டேன், பழசை அவர்கள் எடுக்கவில்லை. பழைய இரும்புக் கடையிலும் வேண்டாம் என்கிறார்கள். மறுசுழற்சி என்பதெல்லாம் விளம்பரத்துக்குச் சொல்வது, கடைசியில் எல்லாம் பாலாற்றங்கரையில்தான் போய்க் கிடக்கப்போகிறது என்பது என் முடிவு. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

3 மே 2025, இரவு

பாதி இல்லை என்று நான் சொல்கிறேன். காட்பாடியில் இருபத்திரண்டு வருஷமாக இன்வெர்ட்டர் பாட்டரி விற்பதும் சர்வீஸ் செய்வதும்தான் என் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு ஈய பாட்டரிகூடக் குப்பையில் கிடந்து நான் பார்த்ததில்லை. இன்வெர்ட்டருக்குப் புது ஈய பாட்டரி வாங்க வருபவர் பழசைக் கொடுக்காமல் போகவே மாட்டார், ஏனென்றால் பில்லில் கழிவு கிடைக்கும். ஐம்பது அறுபது கிலோ கனம், பெரும்பகுதி ஈயம். 327 டிகிரியில் உருகிவிடும், உருக்கி மறுபடி தகடு வார்க்கலாம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே தெருவில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அந்த வரிசையில் ஈயத்துக்கு அப்போதே இடம் இருந்தது.

மின் ஸ்கூட்டரில் இருக்கும் லித்தியத்துக்கு அந்த வரிசையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. குடியாத்தம் தம்பியின் பாட்டரியை யாரும் தொடாததற்கு முதல் காரணம் அதுதான். செய்ய முடியாத வேலை என்று நினைக்க வேண்டாம். செய்யும் ஆலைகள் உத்தராகண்டின் ரூர்க்கியில் இருக்கின்றன, கிரேட்டர் நொய்டாவில் இருக்கின்றன. குடியாத்தத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் வழிதான் இல்லை.

பாட்டரி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள். எந்த வேதியியல் என்று தெரியாமல் மேலே பேச முடியாது.

4 மே 2025

ஸ்டிக்கர் பார்த்தேன். எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதைப் பிறகு பேசுவோம். படத்தில் வேறொன்று தெரிந்தது, அதனால்தான் காலையிலேயே எழுதுகிறேன். மாடிப்படிக்குக் கீழே, காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம், வெளியே நாற்பதைத் தாண்டும். தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெயில் படாத, வீட்டை ஒட்டாத இடம். கனெக்டர் முனைகளைத் தனித்தனியாக இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். பெட்டி உப்பியிருந்தாலோ நகப்பூச்சு போல ஒரு இனிப்பு நெடி வந்தாலோ தூக்க வேண்டாம், போன் செய்யுங்கள்.

எல்எஃப்பி மற்ற வகைகளைவிடச் சாது, உண்மைதான். ஆனாலும் 2022 மார்ச்சில் நம் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த புது ஸ்கூட்டரிலிருந்து தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் போனார்கள். அவர்களைக் கொன்றது புகை. அந்த வாரம் என் கடைக்கு வந்த ஒருவரும் வேறு எதையும் பேசவில்லை. அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் தீப்பிடித்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதியை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். 2021 வண்டி அதற்கு முந்தையது. நம் வீடுகளில் இப்போது ஓய்ந்து கிடப்பதில் பாதி அந்தக் காலத்துப் பாட்டரிதான்.

4 மே 2025, மாலை

எடுத்துவிட்டேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது.

6 மே 2025

வாலாஜா அண்ணன் கேட்டிருக்கிறார், பாட்டரி செத்துவிட்டது என்றால் உள்ளே என்னதான் சாகிறது என்று. என் சொந்த வண்டியின் பாட்டரியை 2023-ல் பிரித்த கதையைச் சொல்கிறேன்.

48 வோல்ட், 30 ஆம்பியர்-ஹவர். கிட்டத்தட்ட 11 கிலோ. அலுமினியப் பெட்டியின் எட்டு திருகைக் கழற்றி மூடியை எடுத்தால் உள்ளே சுவர்க் கடிகாரத்தில் போடும் பாட்டரியைவிடக் கொஞ்சம் பருமனாக 156 செல்கள். பன்னிரண்டு பன்னிரண்டாக இணைத்து 13 கூட்டம், அந்த 13-ஐயும் வரிசையாகக் கோத்திருந்தார்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் நிக்கல் பட்டை, ஸ்பாட் வெல்டிங்கில் வைத்த இரண்டு இரண்டு புள்ளி. மேலே ஒரு பச்சை பலகை, அதுதான் பிஎம்எஸ், எந்தக் கூட்டம் எவ்வளவு வோல்ட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

மல்டிமீட்டரை வைத்தேன். 3.6, 3.6, 3.7, 3.6 என்று வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவது கூட்டத்தில் 1.9. மீதி பன்னிரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு கூட்டம் இறங்கிவிட்டதால் பிஎம்எஸ் மொத்தப் பாட்டரியையும் பூட்டிவிட்டது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததற்கு முழுச் சங்கிலியையும் எறிவது போல. நான் அந்தக் கூட்டத்தைத் தனியாக மெதுவாக சார்ஜ் ஏற்றி மற்றவற்றோடு சமமாக்கினேன், பாட்டரி எழுந்துவிட்டது. இன்னும் ஏழு மாசம் ஓடியது.

எறிவதற்கு முன் ஒரு தரம் சோதித்துப் பார்க்க ஊருக்கு ஒரு ஆள் இருந்தாலே பாதிப் பாட்டரிகள் குப்பை ஆகாது என்று அதனால்தான் சொல்கிறேன்.

7 மே 2025

யூட்யூபில் பார்த்துவிட்டு உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தால் போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். வோல்ட் இருக்கும் பாட்டரியை உப்புத் தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜனும் குளோரினும் கிளம்பும். வெளி முனை முதலில் அரித்துப் போய்விடும், அதன் பிறகு உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியே எடுக்க வழி இருக்காது, வெளியிலிருந்து பார்த்தால் காலியானது போலவே தெரியும். செல்லுக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தின் உப்பில் இருக்கும் ஃப்ளோரின், ஹைட்ரஜன் ஃப்ளோரைடாகும். அது நுரையீரலுக்குப் போகிற விஷயம். அப்புறம் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்?

11 மே 2025

நானே என் பாட்டரியைக் கொடுக்க அலைந்த கதை, தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும். ஏழு மாசம் ஓடி மறுபடி படுத்த பிறகு 2024 தொடக்கத்தில் கிளம்பினேன்.

ஷோரூமில் "தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்க சார்" என்றார்கள். மூன்று மெயில் போட்டேன். மூன்றாவதற்கு வந்த பதிலில் பெங்களூருக்கு என் செலவில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கூரியர் கடையில் லித்தியம் என்றதும் கையைத் தூக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆபத்தான சரக்கு ஒன்பதாம் வகுப்பில் வருவது அது. உள்ளாட்சிக் குப்பை வண்டியில் மின்கழிவு பெட்டியைக் காட்டினார்கள், அதில் பல்பும் ரிமோட்டும் கிடந்தன, மேலே இதையும் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் நான் வழக்கமாக ஈயம் போடும் காயலான் கடைக்குப் போனேன். பாய் எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். தராசில் வைத்தார், பார்த்தார், இறக்கிவிட்டார். "அண்ணே, ஈயம்னா கிலோ எண்பது தொண்ணூறு உடனே தர்றேன். இதைப் பிரிச்சா காப்பர் கொஞ்சம், அலுமினியம் பெட்டி. அந்தப் பெட்டிக்காக என் பசங்க சுத்தியால அடிச்சா கடை எரிஞ்சிடும். போன மாசம் ஒண்ணு எரிஞ்சுது." பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. அந்த இடத்தில் வேலை பார்த்த பையன் அன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தானாம். பாய் அதை இரண்டு தரம் சொன்னார்.

இந்தக் கணக்கு அந்தக் கரிச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. விலை இல்லாததைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். பெட்டிக்கு மட்டும் விலை இருந்து உள்ளே இருப்பதற்கு விலை இல்லாவிட்டால், யாரோ ஒரு பையன் சுத்தியலை எடுப்பான், பெட்டியைக் கடையில் போட்டுவிட்டு மீதியை ஏரிக்கரையில் கொட்டுவான்.

18 மே 2025

சட்டமே இல்லையா என்று கேட்டவர்களுக்கு. இருக்கிறது. பாட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022 ஆகஸ்டில் வந்தவை. அதற்கு முன்னால் 2001-ல் வந்த விதி ஈய பாட்டரிக்கு மட்டும். புது விதி வண்டி பாட்டரி, செல்போன் பாட்டரி எல்லாவற்றையும் சேர்க்கிறது. தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் தாங்கள் விற்றதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். மண்ணில் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. மறுசுழற்சி செய்பவர் 2026-27 முதல் பாட்டரியின் பொருளில் 90 சதவீதம் மீட்க வேண்டும். 2027-28 முதல் புது மின் வண்டி பாட்டரியில் 5 சதவீதம் மீட்ட பொருள், 2030-31-ல் 20 சதவீதம். நமக்கும் கடமை உண்டு, மற்ற குப்பையோடு சேர்க்காமல் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோ கொடுக்க வேண்டும்.

படிக்க நன்றாக இருக்கிறது. நான் இரண்டு இரவு உட்கார்ந்து படித்ததில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு வினைச்சொல். வாங்கும்போது முன்பணம் பிடித்துத் திரும்பக் கொடுக்கும்போது தருகிற ஏற்பாட்டையோ, பழசை விலைக்கு வாங்கும் ஏற்பாட்டையோ தயாரிப்பாளர் நடத்தலாம் என்கிறது விதி. நடத்தலாம். நடத்த வேண்டும் என்று இல்லை. குடியாத்தத்துப் பாட்டரி மாடிப்படிக்குக் கீழே வந்தது அந்த "லாம்" வழியாகத்தான்.

19 மே 2025

ஆம்பூர் சார் கோபமாக எழுதியிருக்கிறார். பாலாற்றைக் கெடுத்தது என்று இத்தனை நாள் எல்லாரும் தோல் தொழிலைத் திட்டினீர்களே, இப்போது பாட்டரி மட்டும் சுத்தமா, பேசாமல் பெட்ரோலே ஓட்டுங்கள் என்று.

சார், நான் தோல் தொழிலைத் திட்டவில்லை. என் அப்பா பேர்ணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை பார்த்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஆனால் நடந்ததை மறக்க முடியாது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது நம் மாவட்டத்தின் பேர் வடாற்காடு அம்பேத்கர். தோல் ஆலைகள் இருக்கும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு ஆகாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக்கியது நம் ஊர் வழக்கு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வேலூர் பேரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். அப்படியும் முடிந்ததா? இந்த வருஷம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாறு மாசு பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் கழித்து!

ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமியம் ஆலைக்குப் பின்னால் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு. மழை பெய்தால் ஓடையில் மஞ்சள் தண்ணீர் வரும். ஆலை நடந்த காலத்தில் டன்னுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருந்தால் சின்னச் செலவு. மூடிய பிறகு யார் தலையில் கட்டுவது என்று 1995-லிருந்து பேச்சு. அதே ராணிப்பேட்டையில் 2021-ல் மின் ஸ்கூட்டர் ஆலை வந்தது, எங்கள் பக்கத்துப் பையன்கள் பெண்கள் பலர் வேலைக்குப் போகிறார்கள், எனக்குச் சந்தோஷம். வண்டி பிறக்கும் இடமும் இதே மண்தான் என்பதால்தான் சாகும் இடத்தைப் பற்றி இப்போதே பேசுகிறேன்.

பெட்ரோலுக்கு: எரித்த பெட்ரோலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது சார். பாட்டரியில் போட்ட நிக்கலும் செம்பும் பத்து வருஷம் கழித்தும் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

1 ஜூன் 2025, திருத்தம்

6-ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. நாற்பது பேருக்கு மேல் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள், அதனால் இதை எல்லாரும் படிக்க வேண்டும்.

1.9 வோல்ட்டுக்கு இறங்கிய கூட்டத்தை மறுபடி சார்ஜ் ஏற்றினேன் என்று சொன்னேன். செய்யவே கூடாத வேலை அது. செல் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே நாள் கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு எலக்ட்ரோலைட்டில் கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படியும், ஊசி போல வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட். அதன் பிறகு பிஎம்எஸ் ஒன்றும் செய்ய முடியாது. செல் தயாரிப்பில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இந்த இழையைப் படித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னான், "மாமா, அந்த ஏழு மாசம் நீங்க வீட்டுக்குள்ளதானே சார்ஜ் போட்டீங்க?" ஆமாம், ஹாலில். என் பேத்தி தூங்கும் அறைக்கு வெளியே. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இறங்கிப்போன செல்லை யாரும் எழுப்பப் பார்க்காதீர்கள். ஊருக்கு ஒரு ஆள் சோதிக்க வேண்டும் என்று சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் அந்த ஆள் மல்டிமீட்டர் வைத்திருக்கும் என்னைப் போன்றவர் இல்லை. கொள்ளளவும் உள்தடையும் செல் செல்லாக அளக்கக் கற்றவர், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்.

14 ஜூன் 2025

மறுபயன்பாடு பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினால் வண்டிக்கு ஆகாது, வீட்டு இன்வெர்ட்டருக்கு ஆகும் என்பார்கள். ஆகும்தான். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கால்பந்து அரங்கத்துக்கு 2018-ல் 148 நிசான் லீஃப் கார்களின் பாட்டரி அளவுக்குப் பழசும் புதுசும் கலந்து மின்சாரச் சேமிப்பு வைத்தார்கள். அங்கே எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, வாழ்ந்த கதை பதிவில் இருக்கிறது. என் மேஜைக்கு வருவது நாலு கம்பெனி, நாலு வடிவம், பாதியில் ஸ்டிக்கரே இல்லை. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து கார், ஸ்கூட்டர் பாட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். அது இங்கேயும் இருந்தால் என் போன்ற கடைக்காரன் குறியீட்டை ஸ்கேன் செய்து, இது எந்தச் செல், எத்தனை வருஷம் ஓடியது என்று பார்த்துப் பிரிப்பான்.

சரி, ஆலையில் என்ன செய்கிறார்கள்? மின்சாரத்தை இறக்கிவிட்டு, காற்றுப் படாமல் அரைக்கிறார்கள். பிளாஸ்டிக், செம்பு, அலுமினியம் தனியே போக, மிஞ்சுவது கரும்பொடி. நம் ஊர் அடுப்புக்கரித் தூள் மாதிரியே இருக்கும், விரலில் ஒட்டினால் போகாது. அதை அமிலத்தில் கரைத்து நிக்கல், கோபால்ட், லித்தியம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். என்எம்சி, அதாவது நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகையில், நிக்கலும் கோபால்ட்டும் இருப்பதால் லாபம். எல்எஃப்பியில் இரும்பும் பாஸ்பேட்டும், கொஞ்சம் லித்தியம், அவ்வளவுதான். தீப்பிடிக்கும் ஆபத்து குறைந்த நல்ல பாட்டரி எதுவோ அதற்கே பழைய விலை குறைவு. குடியாத்தம் தம்பியின் பாட்டரி அந்த வகை. இதை 4-ஆம் தேதி சொல்லியிருக்க வேண்டும், சோர்ந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

5 ஜூலை 2025

தீர்வு சொல்லுங்கள், கதை போதும் என்று ஒருவர். நியாயம்.

என் யோசனை புதுசு இல்லை. மலையில் காலி மது பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்து, 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலியைத் திருப்பினால் பத்து ரூபாய் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் எறிந்தாலும் பொறுக்கிக்கொண்டு வர ஆள் இருந்தது. நாங்கள் சின்ன வயசில் சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டியதும் இதே கணக்குதான்.

வண்டி வாங்கும்போது லட்ச ரூபாய் கொடுக்கிறோம். அதோடு ஒரு இரண்டாயிரம் பாட்டரி பேரில், பில்லில் தனி வரியாக. எந்தக் கம்பெனி ஷோரூமில் கொண்டுவந்து வைத்தாலும், வைத்தவர் கைக்கு அந்த இரண்டாயிரம். ஷோரூம் செல்போன் கடையானாலும் பணம் கம்பெனியிடம் இல்லாமல் பொதுக் கணக்கில் இருக்க வேண்டும், அது முக்கியம். அப்போது எல்எஃப்பியோ என்எம்சியோ, பாய் கடைத் தராசுக்கு வரும்போதே அதற்கு ஒரு விலை இருக்கும். உடைக்காமல் கொண்டு வந்தால்தான் பணம் என்றால் சுத்தியல் கீழே போய்விடும்.

வண்டி விலை ஏறிவிடுமே என்ற கேள்வி வரும். ஏறட்டும் என்று முதலில் எழுதினேன், அழித்துவிட்டேன். கீரைக்கட்டு போட்டு மின் ஸ்கூட்டர் ஓட்டும் அக்கா ஒருவர் என் வாடிக்கையாளர், அவருக்கு இரண்டாயிரம் பெரிசு. தவணையில் சேர்த்துவிட்டால் மாசம் அறுபது எழுபது ரூபாய்க்குள் முடியும் என்று அவரிடமே கணக்குப் போட்டுக் காட்டினேன். "திரும்பி வரும்னா சரிண்ணா, சீட்டு மாதிரிதானே" என்றார்.

26 ஜூலை 2025

மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் ஒருவரிடம் பேசி, குறைந்தது நூறு கிலோ சேர்ந்தால் ஓசூர் போகும் வண்டி காட்பாடியில் நின்று எடுத்துப்போகும் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரும்பு டிரம்கள், அடியிலும் மேலேயும் காய்ந்த மணல். முனையில் டேப், ஒவ்வொன்றிலும் பேர், தேதி, எடை எழுதின அட்டை. உப்பினது வேண்டாம், அதற்கு அவர்களே தனிப் பெட்டியோடு வருவார்கள்.

போன செவ்வாய் வண்டி வந்தது. ஒன்பது பாட்டரி, 118 கிலோ. நாலு என்எம்சிக்குப் பணம் கொடுத்தார்கள். ஐந்து எல்எஃப்பிக்கு ஒன்றும் இல்லை, ஏற்றுக்கூலிக்கு அந்தப் பணமே சரியாகப் போயிற்று. பாய் தன் கடையில் ஒதுக்கி வைத்திருந்த இரண்டையும் தானே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார், காசு கேட்கவில்லை. என் பழைய 156 செல் பாட்டரியும் அதில் போய்விட்டது.

குடியாத்தம் தம்பி நேற்றுதான் வந்தார், வண்டி போன பிறகு. 14 கிலோ 300 கிராம். அட்டையில் அவரே பேர் எழுதினார், அவர் பாட்டரிதான் புது டிரம்மில் முதல். அடுத்த வண்டிக்கு இன்னும் எண்பத்தாறு கிலோ வேண்டும். வாலாஜா, ஆற்காடு, பள்ளிகொண்டா பக்கம் யார் வீட்டிலாவது கிடந்தால் படம் எடுத்துப் போடுங்கள். ஸ்டிக்கர் தெரியும்படி.